29சி எப்ப வரும்? நாளைய சென்னைப் பயணத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணுவோமா!

எதிர்காலப் போக்குவரத்துன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? மொட்டை மாடியில வந்து இறங்குற பறக்கும் டாக்ஸி, குழாய்க்குள்ள சீறிப் பாயுற ரயில், டிரைவர் இல்லாம தானே ஓடுற பஸ்... இப்படித்தானே? இதெல்லாம் எப்ப வரும்னு ஏங்குறவங்களுக்கு ஒரு தகவல். சென்னைக்குப் 'பறக்கும் ரயில்' வந்து முப்பது வருஷம் ஆகுது.

1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்தது. 1997-ல் திருமயிலை, 2007-ல் வேளச்சேரி என நீண்டது. பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டு எழுப்பிய அந்தப் பாதைக்கு மக்கள் வைத்த பேர்தான் பறக்கும் ரயில். ஆனா வேளச்சேரியைத் தாண்டி பரங்கிமலைக்குப் போய்ச் சேர வேண்டிய மிச்சம் 5 கிலோமீட்டருக்கு 2008-ல் தொடங்கிய வேலை, பதினைந்து வருஷத்துக்கும் மேல இழுத்துக்கிட்டே போச்சு. ரயில் பறந்தது, நிலையங்களோ ஆள் அரவமில்லாத பெரிய பெரிய மண்டபங்களா நின்னுச்சு. கீழே இறங்கினா பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்னு பெட்டிக்கடையில விசாரிக்கணும்.

அதனால இந்தக் கட்டுரையில வாகனம் எப்படி இருக்கும்ங்கிறதைவிட, வீட்டு வாசல்ல செருப்பு மாட்டுறதுல இருந்து வேலை இடத்துல போய் உட்கார்ற வரைக்கும் உங்க பயணம் எப்படி இருக்கும்னு யோசிப்போம். 29சி, 21ஜி, 12பின்னு எது உங்க ரூட்டோ அதை மனசுல வெச்சுக்கிட்டே படிங்க.

முந்தி ஓடிய மெட்ராஸ்

ஒரு விஷயத்துல நாம பெருமைப்பட்டுக்கலாம். 1895-லேயே மெட்ராஸ் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. கல்கத்தாவுக்கு மின்சார டிராம் வந்தது 1902-ல், பம்பாய்க்கு 1907-ல். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலும் வந்துவிட்டது. அன்றைக்கு இருந்தவர்களுக்கு அதுதான் எதிர்காலம். குதிரை இல்லாம, புகை இல்லாம ஒரு வண்டி தானா நகர்வதைப் பார்த்து எத்தனை பேர் வாயைப் பிளந்திருப்பாங்க! அந்த டிராம், கம்பெனி நொடித்துப்போய் 1953-ல் நின்றது. எழுபது வருஷம் கழித்து, உலகத்துல பல நகரங்கள் டிராமைத் திரும்பக் கொண்டுவர்றதைப் பார்க்கும்போது கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யுது.

வராமலே போன எதிர்காலமும் நமக்கு உண்டு. மோனோ ரயில் ஞாபகம் இருக்கா? 2006-ல் பேச்சு, 2011-ல் மறுபடியும் பேச்சு. ஒரு தூண்கூட எழவில்லை. இதுல நாம தனியாள் இல்லை. 2016-ல் சீனாவின் சின்ஹுவாங்தாவ் நகரில் ஒரு பிரமாண்ட பஸ்ஸைக் காட்டினாங்க. சாலையின் ரெண்டு ஓரத்துலயும் காலை ஊன்றி, கார்களுக்கு மேலேயே நகரும். வாட்ஸ்அப்ல நீங்களும் அந்த வீடியோவை யாருக்காவது அனுப்பியிருப்பீங்க. அடுத்த வருஷமே தண்டவாளத்தைப் பிரிச்சு எடுத்துட்டாங்க. ஈலான் மஸ்க் 2013-ல் கிளப்பிவிட்ட ஹைப்பர்லூப் கனவை நம்பி வளர்ந்த ஹைப்பர்லூப் ஒன் நிறுவனம், 2023 கடைசியில் கடையைச் சாத்தியது.

நம்ம ஐ.ஐ.டி-யின் தையூர் வளாகத்தில் சுமார் 400 மீட்டருக்கு ஹைப்பர்லூப் சோதனைக் குழாய் இருக்கு. அங்கே முளைத்த இபிளேன் நிறுவனம், மின்சாரத்தில் பறக்கும் டாக்ஸியை உருவாக்கிவருது. மாணவர்கள் பண்றது நிஜமாவே பெரிய வேலை, அதைக் குறை சொல்லலை. ஆனா ஹைப்பர்லூப் ஊர் விட்டு ஊர் போறதுக்கு. பறக்கும் டாக்ஸியில ரெண்டு மூணு பேர் போகலாம், ஆம்புலன்ஸா ஓடினா உயிரைக் காப்பாத்தும். ஆபீஸ் நேரத்துல ஒரு பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வர்ற எழுபது பேரை வானத்துல ஏத்தணும்னா முப்பது டாக்ஸி பறக்கணும். தி.நகர் மேல அந்த டிராஃபிக்கை நினைச்சுப் பாருங்க.

அரை மணி நேரம் ஒண்ணும் வராது, அப்புறம் மூணும் சேர்ந்து வரும்... ஏன்?

சரி, பஸ் ஸ்டாப்புக்கு வருவோம். சென்னைவாசிகள் எல்லாருக்கும் இருக்கிற சந்தேகம் இது. டிரைவர்கள் டீக்கடையில பேசி வெச்சுக்கிட்டு ஒண்ணாக் கிளம்புறாங்கன்னுதான் நாம திட்டுவோம். உண்மையில டெப்போவிலிருந்து அவங்க சரியான இடைவெளியிலதான் கிளம்புறாங்க. வழியில நடக்கிறது வேற.

முதல் பஸ் ஒரு சிக்னல்ல ரெண்டு நிமிஷம் மாட்டிக்குதுன்னு வெச்சுக்கங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஸ்டாப்புல இன்னும் பத்து பேர் சேர்ந்துடுறாங்க. அவங்க ஏறி முடிக்க நேரமாகுது, பஸ் இன்னும் தாமதமாகுது, அதுக்கடுத்த ஸ்டாப்புல கூட்டம் இன்னும் அதிகமாகுது. பின்னாடி வர்ற பஸ்ஸுக்கோ நேர் எதிர். கூட்டத்தை முன்னாடி போனவர் அள்ளிக்கிட்டுப் போயிட்டதால, ஏத்த ஆளே இல்லை. சர்ருனு வந்து முன்னாடி பஸ்ஸோட வாலைப் பிடிச்சிடுது. யார் மேலயும் தப்பில்லாமலே ரெண்டு பஸ்ஸும் ஜோடி சேர்ந்துடும். உலகம் முழுக்க எல்லா நகரத்துலயும் இந்தத் தலைவலி உண்டு.

இதோட விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஒழுங்கா வந்தா, நீங்க சராசரியா அஞ்சு நிமிஷம் காத்திருப்பீங்க. அதே எண்ணிக்கை பஸ், இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை ரெண்டு ரெண்டா வந்தா, சராசரி பத்து நிமிஷம் ஆயிடும். ஒரு பஸ்கூடக் குறையலை, டீசல் செலவு மாறலை. ஆனா உங்க காத்திருப்பு ரெட்டிப்பாயிடுச்சு. அதுலயும் ஜோடியில முதல் பஸ் பிதுங்கி வழியும், ரெண்டாவது காத்தாட வரும். நாம எல்லாரும் முதல் பஸ்லயே ஏறித் தொலைப்போம், ஏன்னா ரெண்டாவது நிக்காமப் போயிடுமோன்னு பயம்!

எதிர்காலத்துல இதை எப்படிச் சரிபண்ணலாம்? இங்கதான் கற்பனைக்கு வேலை. ஒவ்வொரு பஸ்ஸும் எங்கே இருக்குன்னு ஜி.பி.எஸ் இப்பவே சொல்லுது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்று' செயலியில பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூணுக்கும் ஒரே க்யூ.ஆர் டிக்கெட் எடுத்து, பஸ் எங்க வருதுன்னும் பார்க்கலாம். அதே தகவலை வெச்சு டிரைவருக்கு முன்னாடி இருக்கிற திரை, 'முன் பஸ் நெருங்கிவிட்டது, இந்த ஸ்டாப்பில் ஒரு நிமிடம் நில்லுங்கள்'னு சொல்லணும். தாமதமா வர்ற பஸ்ஸைப் பார்த்ததும் சிக்னல் பச்சையை அஞ்சு விநாடி கூடுதலாப் பிடிச்சு வைக்கணும். சிக்னல் விஷயத்தைப் பல வெளிநாட்டு நகரங்கள் ரொம்ப நாளாச் செய்யுது. ராக்கெட் விஞ்ஞானமெல்லாம் கிடையாது.

இன்னொண்ணு, ஏறுற நேரம். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-லேயே பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டது. 1991-ல் கண்ணாடிக் குழாய் மாதிரி ஸ்டாப்புகளை வெச்சாங்க. டிக்கெட்டை ஸ்டாப்புக்குள்ள நுழையும்போதே வாங்கிடணும். ஸ்டாப்பின் தளமும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம். பஸ் வந்ததும் எல்லாக் கதவும் திறக்கும், ரயில் மாதிரி திபுதிபுன்னு ஏறிப் போயிடலாம். 'சில்லறை இல்லையா, இறங்கும்போது வாங்கிக்கோ'ங்கிற வசனமே இல்லாத ஊர்!

தனிப் பாதைன்னதும் டெல்லி ஞாபகத்துக்கு வரும். 2008-ல் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே சாலை நடுவுல பஸ்ஸுக்குப் பாதை போட்டாங்க. கார்க்காரர்கள் கொதிச்சாங்க, வழக்கு நடந்துச்சு, 2016-ல் உடைச்சு எடுத்துட்டாங்க. அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கியது இன்னிக்கும் ஓடுது. அண்ணா சாலையில ஒரு வரிசையை பஸ்ஸுக்கு மட்டும்னு ஒதுக்கினா என்ன ஆகும்? முதல் மாசம் டிவி விவாதம் தூள் பறக்கும். ஆனா ஒரு பஸ்ஸுல அறுபது பேர் போறாங்க. அந்த அறுபது பேரும் கார்ல வந்தா, காருக்கு ஒண்ணரைப் பேர்னு வெச்சாலும் நாற்பது கார். எந்தப் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

பாட்டிக்கு எட்டாத படி

உங்க வீட்டுல எழுபது வயசைத் தாண்டின ஒருத்தர் இருந்தா இந்தப் பகுதி அவங்களுக்குத்தான். சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர் உயரம். முட்டி வலிக்காரங்களுக்கு அது கழுகுமலை. 'கண்டக்டர் விசில் அடிச்சிடுவாரோ'ங்கிற பயத்துலயே பஸ்ஸை விட்டவங்க எத்தனையோ பேர். பஸ் விட்டதோட கோயில் விட்டுப்போச்சு, தங்கச்சி வீடு விட்டுப்போச்சு, அப்புறம் வீட்டுக்குள்ளயே முடங்கியாச்சு. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கோ பஸ்ங்கிறது வெளியிலிருந்து பார்க்கிற பொருளாவே இருந்தது. மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கா நீதிமன்றப் படி ஏறித்தான் தாழ்தளப் பேருந்து கிடைச்சது.

2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தன. தளம் 400 மில்லிமீட்டர். ஸ்டாப்புல நிக்கும்போது ஒட்டகம் மாதிரி ஒரு பக்கம் லேசா மண்டியிடும், சாய்தளம் விரியும். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளும் கிளம்பின. சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன்னிடமிருந்த 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை மொத்தமா மின்சாரத்துக்கு மாத்திடுச்சு. நாம போக வேண்டிய தூரம் நிறைய. ஆனா டிரைவர் பக்கத்துல அனல் கக்குற இன்ஜின் மூடி இல்லாத பஸ்ஸுல, மே மாசத்துல உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். டிரைவரைக் கேளுங்க, இன்னும் நல்லாச் சொல்வார்.

ஒரே ஒரு சிக்கல். பஸ் எவ்வளவு மண்டியிட்டாலும், நடைபாதையை ஒட்டி வந்து நின்னாத்தான் அந்தச் சாய்தளத்துக்குப் பிரயோஜனம். ஸ்டாப்புக்கு முன்னாடி ரெண்டு பைக், ஒரு இளநீர் வண்டி, திறந்த சாக்கடை மூடி... பஸ் நடு ரோட்டுல நிக்குது. அப்ப 400 மில்லிமீட்டரும் ஒண்ணுதான், 900-மும் ஒண்ணுதான்.

சிங்கப்பூரில் 2009-ல் ஒரு அழகான வேலை செஞ்சாங்க. முதியவர்கள் சாலையைக் கடக்கும்போது தங்களோட பயண அட்டையை சிக்னல் கம்பத்துல காட்டினா, பச்சை மனிதன் கூடுதல் விநாடிகள் நிப்பான். 2040-ல் நம்ம பாட்டி பயண அட்டையைக் காட்டினதும் சிக்னலும் காத்திருக்கணும், பஸ்ஸும் காத்திருக்கணும், அவங்க உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகரணும். இதுக்குச் செயற்கை நுண்ணறிவுகூட வேண்டாம், ஒரு சென்சார் போதும்.

ஒரே டிக்கெட் வேற, ஒரே கட்டணம் வேற

ஹாங்காங்கின் ஆக்டோபஸ் அட்டை 1997-லேயே வந்தாச்சு. சியோல் 2004-ல் இன்னும் ஒருபடி மேலே போனது. பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கு மாறினா புதுசா ஒரு கட்டணம் கிடையாது. மொத்தம் எவ்வளவு தூரமோ அதுக்குத்தான் காசு. லண்டனில் 2005-ல் தினசரி உச்சவரம்பு கொண்டுவந்தாங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் ஒரு தொகைக்கு மேல பிடிக்காது.

நம்மகிட்ட 2023-ல் 'சிங்கார சென்னை' அட்டை வந்தது. மெட்ரோவுல மட்டும் இருந்ததை 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துக்கும் விரிச்சாங்க. நல்ல விஷயம். அடுத்த கனவு என்னன்னா, ஷேர் ஆட்டோவுல அஞ்சு நிமிஷம், மெட்ரோவுல இருபது நிமிஷம், பஸ்ஸுல பத்து நிமிஷம் போனாலும் கணக்கு ஒண்ணா இருக்கணும். வண்டி மாறினதுக்காக அபராதம் கட்டுற மாதிரி மூணு தடவை காசு போகக் கூடாது.

இங்க ஒரு எச்சரிக்கை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டு வேலைக்குப் போற அக்காக்கள், பூக்காரம்மாக்கள் பலர் கையில இன்னிக்கும் பட்டன் போன்தான். எல்லாத்தையும் செயலிக்குள்ள அடைச்சுட்டு, 'க்யூ.ஆர் காட்டுங்க'ன்னு அவங்களை நிக்க வெச்சோம்னா அது எதிர்காலமே இல்லை. கண்டக்டரையும் விட்டுடாதீங்க. டிக்கெட் கிழிக்கிறது மட்டுமா அவர் வேலை? ஊருக்குப் புதுசா வந்தவருக்கு ஸ்டாப் சொல்றது, வம்பு பண்றவனை இறக்கிவிடுறது, 'அந்தப் பொண்ணுக்கு இடம் விடுங்கய்யா'ன்னு குரல் கொடுக்கிறதெல்லாம் எந்த மெஷின் செய்யும்?

டிரைவர் இல்லாத வண்டி

ரயில்ல இது பழைய சமாச்சாரம். பிரான்ஸின் லீல் நகரில் 1983-ல் ஓடியது, கோபன்ஹேகனில் 2002, டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பர். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரிலும் மூன்று பெட்டிகள் கொண்ட ஓட்டுநர் இல்லாத ரயில்கள்தான். இதுல லாபம் வேகம் இல்லை. ஆள் தேவைப்படாததால கூட்ட நேரத்துல ரயிலைச் சட்டுனு கூட்டலாம், ராத்திரியில சின்ன ரயிலை அடிக்கடி விடலாம்.

பஸ்ஸுக்கு? புரசைவாக்கம் சந்தியில எதிர்த்திசையில வர்ற பைக், குறுக்கே ஓடுற ஆட்டோ, நிதானமா அசைபோடும் மாடு இது மூணையும் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் என்ன முடிவு எடுக்கும்? நின்னுடும். நாள் முழுக்க நிக்கும். நம்ம டிரைவர்கள் கண்ணாலயே பேசி வண்டியை நகர்த்துறாங்க. அதனால அவங்க வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

ராத்திரி பத்தரை மணிக்கு

ஒரு நகரத்தோட போக்குவரத்து நல்லா இருக்கான்னு தெரியணும்னா காலை ஒன்பது மணிக்குப் பார்க்காதீங்க. ராத்திரி பத்தரைக்கு துணிக்கடையில ஷட்டர் இறக்கினதும் வெளியே வர்ற பொண்ணு எப்படி வீடு போய்ச் சேர்றாங்கன்னு பாருங்க. நாள் முழுக்க நின்னே வேலை பார்த்த கால். பஸ் கிடைச்சாலும் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு இருட்டுல பத்து நிமிஷம் நடை. இந்தப் பத்து நிமிஷத்துக்காகவே வேலையை விட்டவங்க உண்டு.

கனடாவின் டொரன்டோவில் 1991-லிருந்து ஒரு ஏற்பாடு. ராத்திரியில தனியா வர்ற பயணி, ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல தன் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லலாம். பெண்களுக்காகத் தொடங்கினது. செலவு? ஒரு பைசா கிடையாது. நம்ம ஊர்லயும் நல்ல மனசுள்ள டிரைவர்கள் நிறுத்தித்தான் தர்றாங்க. அதை ஒருத்தரோட நல்ல மனசா விடாம விதியா ஆக்கினா போதும்.

கூப்பிட்டா வர்ற சின்ன வண்டின்னு இப்ப உலகமெல்லாம் ஒரு யோசனை பேசுறாங்க. செயலியில சொன்னா, ஒரே பக்கம் போற ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போகும். படிக்கும்போதே சிரிப்பு வரலையா? இதைத்தானே நம்ம ஷேர் ஆட்டோ அண்ணன்கள் செயலி இல்லாமலே செய்றாங்க! அவங்களைத் துரத்தாம, மின்சார வண்டி கொடுத்து, நிலையான கட்டணம் வெச்சு, மெட்ரோ வாசல்லயே நிக்க இடம் ஒதுக்கினா, கடைசி ஒரு கிலோமீட்டர் பிரச்னை பாதி தீர்ந்துடும்.

தண்ணீர் வழி, ரோப் கார் பத்தியும் கேட்பீங்க. கொச்சியில 2023 ஏப்ரல்லருந்து வாட்டர் மெட்ரோ ஜோரா ஓடுது. நம்ம பக்கிங்காம் கால்வாய்லயும் ஒரு காலத்துல விறகும் உப்பும் படகுல வந்தது. இன்னிக்கு அதுக்குள்ள பறக்கும் ரயில் தூண் நிக்குது. படகு விடுறதுக்கு முன்னாடி தண்ணி ஓட வழி விடணும். ரோப் கார், பொலிவியாவின் லா பாஸ் மாதிரி மலை ஊருக்குப் பொருத்தம். தட்டையா இருக்கிற சென்னைக்கு அது பொருட்காட்சி சவாரிதான். 2015-ஐயும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊருக்கு, முட்டியளவு தண்ணியிலயும் பணிமனை முழுகாம இருக்கிறதுதான் அவசரம்.

உங்க தெருவுல ஸ்டேஷன் வருதா?

மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர்னு இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை உங்க வீட்டுப் பக்கம் நடந்துக்கிட்டிருந்தா, தகரத் தடுப்பைத் திட்டிக்கிட்டே தாண்டிப் போறதோட நிறுத்தாதீங்க. கிளாம்பாக்கத்துல 2023 கடைசியில அவ்வளவு பெரிய பேருந்து முனையம் திறந்தப்போ, பக்கத்துல ரயில் நிலையம் தயாரா இல்லை. மூட்டை முடிச்சோட ஜனங்க பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். உங்க ஸ்டேஷன்ல படி இறங்கினதும் எத்தனை தப்படியில பஸ் நிக்கப்போகுது, லிஃப்ட் நடைபாதை மட்டத்துல முடியுதா இல்லை நாலு படிக்கு மேலயே நின்னுடுதா, மழையில நனையாம ஸ்டாப்புக்குப் போக முடியுமா, ராத்திரி அந்த இடத்துல விளக்கு எரியுமா - இதையெல்லாம் இப்பவே கேளுங்க. பஸ், ரயில், மெட்ரோ மூணையும் சேர்த்து யோசிக்கத்தான் கும்டா என்கிற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கு. அதுக்கான சட்டம் 2010-லேயே வந்தாச்சு. உங்க தெரு நலச்சங்கத்து லெட்டர்பேடுல ஒரு பக்கம் எழுதி, அங்க அனுப்புங்க. ஸ்டேஷன் வாசலுக்கு கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி அனுப்புங்க.